உள்ளங்கை அளவு

என் வீட்டுக்காரருக்குப் பழைய கட்டடப் பைத்தியம் பிடித்தது எங்கள் ஒரே மகன் லாரியில் அடிபட்டுச் செத்த பிறகுதான். வயரிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மனுஷன், அதை விட்டுவிட்டு ஊரிலுள்ள பாழடைந்த கட்டடங்களுக்கெல்லாம் வயசு விசாரித்துக்கொண்டு அலைந்தார். மகனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பழைய கோர்ட்டுக் கதவின் கீல் எந்தக் காலத்தது என்று மட்டும் மூச்சு விடாமல் பேசுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் குடியிருப்பதும் பழைய தந்தி ஆபீஸ் மாடியில்தான். அதை இடிக்கப் போவதாக நகராட்சி நோட்டீஸ் ஒட்டியது. நூறு வயசு தாண்டியது என்று காட்டினால் விட்டுவிடுவார்களாம். முதன்முதலில் அடித்த நிறம் சுவரில் கிடைத்தால் போதும், அதை வைத்தே வயசைச் சொல்லிவிடலாம் என்று பார்க்க வந்த இன்ஜினியர் சொன்னார். மற்ற அறைகளில் எல்லாம் புதுப் பூச்சு. பழைய பூச்சு மிச்சமிருந்தது மகனுடைய சின்ன அறையில் மட்டுமே.

அந்தப் பழைய பூச்சுக்கு மேலேதான் அவனே பெயிண்ட் அடித்திருந்தான். கிளிப்பச்சை. பிரஷ் மயிர் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும், ஓரமெல்லாம் கோணல்மாணல். "டேய் வாலு, இது ரூமா, கிளிக்கூண்டா?" என்று திட்டியிருக்கிறேன். அவன் போன பிறகு, காலையில் எழுந்ததும் அந்தச் சுவரில் கொஞ்ச நேரம் கன்னத்தை வைத்துக்கொண்டால்தான் எனக்கு அடுப்படிக்குப் போகவே கால் வரும்.

"அங்க மட்டும் கை வெச்சீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றேன்.

"இடிச்சுட்டா எல்லாமே போயிடுமே. கதவுக்குப் பின்னாடி ஒரு உள்ளங்கை அளவு. அவ்வளவுதான்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சரியென்றேன். சுரண்டுவதைப் பார்க்கத் தெம்பில்லாமல் அக்கா வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் இருந்துவிட்டேன்.

திரும்பி வந்தால், நாலு சுவரும் நீலம். வெளுத்துப்போன, யாருக்கும் சொந்தமில்லாத நீலம். நடுவில் பெயிண்ட் சுரண்டும் பட்டித்தகடும் கையுமாக உட்கார்ந்திருந்தார். தரையைக்கூடப் பெருக்கியிருந்தார்.

"பாவி மனுஷா! உள்ளங்கை அளவுன்னுதானே சொன்னீங்க? உதிர்ந்ததெல்லாம் எங்க?"

"குப்பை வண்டில போட்டுட்டேன்."

"நகத்தளவாவது எனக்கு மிச்சம் வெச்சிருக்கக் கூடாதா?"

"நிறுத்த முடியலடி" என்றார். "இந்த நீலத்தை அடிச்சப்போ நம்ம பையன் பொறக்கல. நாமளும் பொறக்கல. யாரும் சாகல. பச்சை போகப் போக எனக்கு மூச்சு விட முடிஞ்சுது."

சொல்லிவிட்டு, அப்போதுதான் முதன்முதலாக அழுதார்.

கையை ஓங்கிவிட்டேன். அடிக்க முடியவில்லை. தலைமுடி, புருவம், காது மடல், எல்லாவற்றிலும் பச்சைத் தூள்.

"இன்ஜினியர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. இனிமே இடிக்க மாட்டாங்களாம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். "குளிச்சுட்டு வந்துடறேன்."

சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"குளிக்காதீங்க" என்றேன். "இன்னைக்கு மட்டும் குளிக்காதீங்க."