மெய் லிங்கின் பம்ப்ளிமாஸ்

சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் பம்ப்ளிமாஸ் பழங்கள் குவிந்து கிடப்பதைப் பார்த்ததும் கமலாவின் கால் நின்றுவிட்டது. குவீன்ஸ்டவுன் பழைய அடுக்குமாடி புளோக்கில் இருபத்தாறு வருஷம் அடுத்த வீட்டில் இருந்தவள் மெய் லிங். புத்தாண்டு வந்தால் இருவரும் நடைபாதையில் ஸ்டூல் போட்டு உட்காருவார்கள். அவள் உரித்துக் கொடுப்பாள். இவள் உப்பும் மிளகாய்த்தூளும் கலந்து வைப்பாள். "பெடாஸ், பெடாஸ்!" என்று காரம் தாங்காமல் மலாயில் அலறிக்கொண்டே மறுபடி தொட்டுக்கொள்வாள் மெய் லிங். புளோக்கை இடித்தார்கள், அவள் பொங்கோலுக்குக் குடிபோனாள், போன வருஷம் இறந்தும் போனாள்.

கமலா பத்துப் பழம் வாங்கினாள். தினமும் சாயங்காலம் பாதிப் பழம், மிளகாய் உப்போடு. இரண்டு வாரத்தில் தொடை கடுத்தது. பஸ் படியில் ஏறவே கைப்பிடியைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

பாலிகிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் அவள் தினமும் போடும் கொலஸ்ட்ரால் மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார். மருந்து கொடுக்கும் இடத்தில் திவ்யதர்ஷினி என்ற பெண் கேட்டாள்.

"ஆன்ட்டி, புதுசா ஏதாச்சும் சாப்பிடுறீங்களா? நாட்டு மருந்து, ஜூஸ்?"

"ஒண்ணும் இல்லம்மா. பம்ப்ளிமாஸ் மட்டும்தான். அது பழம்தானே?"

"அதுதான் ஆன்ட்டி விஷயம். இந்த மாத்திரைய உடம்பு கரைச்சு வெளியேத்தணும்லா? அந்தப் பழம் அத விடாது. ரத்தத்துல மருந்து ஏறிக்கிட்டே போகும், தசைய பாதிக்கும்."

"எத்தன வருஷம் சாப்பிட்டோம் தெரியுமா? ஒண்ணுமே ஆகல."

"அப்போ நீங்க மாத்திரை போடலயே, ஆன்ட்டி."

கமலாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

மூன்று வாரத்தில் வலி விட்டது. டாக்டர் அந்தப் பழத்தோடு சண்டை போடாத வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆனாலும் கமலாவுக்குப் பழத்தைத் தொட மனம் வரவில்லை. மிச்சமிருந்த பழங்களைப் பையில் போட்டுக்கொண்டு, இத்தனை நாளும் போகாத பொங்கோலுக்கு ரயில் ஏறினாள். கதவைத் திறந்த மெய் லிங்கின் மகன் பையைப் பார்த்ததுமே "அம்மாவோட பழம்!" என்று ஆங்கிலத்தில் கூவினான்.

பையைக் கொடுக்காமல் கமலா முதலில் கேட்டாள்.

"நீ ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறியா?"