ரெபரன்ஸ் நம்பர்

...ஆறு மணி என்றால் ஆறேதானா, ஆறேகால் ஆனால் குடி முழுகிவிடுமா, முழுகும், அப்படித்தான் சொன்னான் அந்த லோன் ஆப்காரன், சாயங்காலம் ஆறுக்குள் கட்டாவிட்டால் என் போட்டோவில் திருடி என்று எழுதி என் போனில் இருக்கிற அத்தனை பேருக்கும் அனுப்புவானாம், என் மகள் கனிஷ்காவின் கிளாஸ் டீச்சர் உட்பட... பஸ் மாம்பழச்சாலையில் நின்றது, பூக்கூடையோடு ஏறிய ஒருத்தி என் காலை மிதித்தாள், மிதித்துவிட்டுப் போகட்டும். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் ஸ்ரீரங்கத்திலிருந்து வேலைக்கு வர முடிகிறது, இல்லாவிட்டால் அதற்கும் அந்த ஆப்பைத்தான் திறந்திருப்பேன், திறக்க மாட்டேனா என்ன, ஸ்கூல் ஃபீஸுக்கு ஒரு லோன், அதை அடைக்க இன்னொன்று, அதையும் அடைக்க பேங்கில் ஓவர்டிராஃப்ட், இப்போது சம்பளம் வந்து விழுந்தாலும் கணக்கு மைனஸிலேயே கிடக்கிறது. தோட்டை விற்று மற்ற ஆப் லோனையெல்லாம் அடைத்தாயிற்று. காதில் வேப்பங்குச்சி. "காது புண்ணுங்க" என்றேன், நம்பிவிட்டார் என் வீட்டுக்காரர், பாவி மனுஷன், கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தால்கூட அழுது கொட்டியிருப்பேன். இது ஒன்றுதான் பாக்கி, இதோடு அந்த ஆப்பையே அழித்துவிடுவேன், பிள்ளை தலைமேல் சத்தியம்... சீ, அவள் தலையை எதற்கு இழுக்கிறாய்?

கமர் ஜஹான் அக்கா இல்லையென்றால் நான் என்ன ஆகியிருப்பேன். பாலக்கரைக்காரி, ஜவுளிக்கடையில் எனக்குப் பக்கத்து பில்லிங் கவுண்டர். முதல் லோனுக்கு ரெபரன்ஸ் கேட்டபோது அவளைக் கேட்காமலே அவள் நம்பரைக் கொடுத்தவள் நான், நான் கட்டாதபோது அவளைத்தான் முதலில் கூப்பிட்டுத் திட்டினார்கள், எத்தனையோ நாள் திட்டியிருக்கிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாளா, திட்டியவனே சொல்லித்தான் எனக்குத் தெரியும். நேற்று சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொல்கிறாள், "எதுக்கு பானு அழுவுற? என் சீட்டுப் பணம் நாளைக்கு வந்துரும், வாங்கி அடைச்சிடு, மெதுவா குடு போதும்." "என் தலைவலி உங்களுக்கு எதுக்குக்கா?" "அட போடி, பெருசா பேச வந்துட்டா." நேற்று ராத்திரி எத்தனை நாளைக்கப்புறம் தூங்கினேன்...

காவிரிப் பாலத்தில் ஏறும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். அவனாக இருந்தால்? எடுத்தேன். ஒரு பெண் குரல், நிதானமாக, "மேடம், கமர் ஜஹான்னு ஒருத்தங்க லோனுக்கு உங்க நம்பரை ரெபரன்ஸா குடுத்திருக்காங்க. அவங்களை உங்களுக்குத் தெரியுமா மேடம்?" மேடமாம், எனக்கும் முதலில் மேடம்தான், அப்புறம் வந்த வார்த்தைகளை வாயால் சொல்ல முடியாது. அப்படியானால் சீட்டுப் பணம்? சீட்டைத்தான் அக்கா ஆடியிலேயே எடுத்துவிட்டாளே, மகள் ஆஃப்ரினுக்கு வளையல் வாங்கி என் கையில்தானே போட்டுப் பார்த்தாள், இது நேற்றே எனக்குத் தெரியாதா, தெரிந்துதான் அழுகையை நிறுத்தினேனா? தெரியாது என்று சொல்லேன், ஒரே வார்த்தை, லோன் நின்றுவிடும், அக்கா தப்பித்துவிடுவாள், ஆறு மணிக்கு என் போட்டோ போகும், போனால் போகட்டும்... கனிஷ்கா நாளைக்கு எந்த முகத்தோடு ஸ்கூலுக்குப் போவாள்? கீழே மணல்தான் தெரிந்தது, தண்ணீர் ஒரு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது.

"லைன்ல இருக்கீங்களா மேடம்?"

"தெரியுங்க," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ரொம்ப நல்லவங்க. கரெக்டா கட்டிருவாங்க."

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் திரும்புவதற்குள் அக்காவே கூப்பிட்டாள். "பானு, சீட்டுப் பணம் வந்துருச்சுடி, நேரா கடைக்கு வந்துரு." குரலில் அத்தனை சந்தோஷம். எந்தச் சீட்டுக்கா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, "இதோ வந்துட்டேங்க்கா" என்றுதான் சொன்னேன். என் முதல் லோனுக்கும் அவளைக் கூப்பிட்டு இப்படித்தான் கேட்டிருப்பார்கள், அவளும் நல்ல பொண்ணு என்றுதான் சொல்லியிருப்பாள், ஆனால் அவள் அதை நம்பிச் சொன்னாள். நான்? இனி அவள் கட்டாவிட்டால் அவர்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள், அவளைப் போல நானும் திட்டு வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டியதுதான், இருப்பேன், அதுகூடச் செய்யாமலா... அடுத்த பஸ்காரன் ஹாரன் அடித்தான், படியில் இறங்கும்போது போனைப் பார்த்தேன். அந்தப் பெண் கூப்பிட்ட நம்பரை எப்போது பிளாக் செய்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை.