யாரோ தந்த குளிர்

மே மாத வெயிலில் வலியசாலை வீடு கொதித்தது. பக்கவாதத்தில் படுத்திருந்த பிச்சையா மூன்று நாளாகத் தூங்கவில்லை. பழைய ஏ.சி. வெறும் காற்றைத்தான் வீசியது.

"கேஸ் தீந்து போச்சா, வீரபாண்டி?" என்று அவர் மனைவி நீலாம்பாள் மெக்கானிக்கிடம் கேட்டாள்.

"அடுப்பு கேஸா, எரிஞ்சு தீர? ஒரே கேஸ்தான் உள்ளே சுத்திச் சுத்தி வரும்மா. குழாய்ல ஓட்டை, அதான் போயிருச்சு."

"பதினெட்டு வருஷமா அதேதானா?" அவளுக்கு மெய்சிலிர்த்தது.

"அதேதான், கேட்டோ. இந்தப் பழைய கேஸ் வானத்துக்குப் போனா ஓசோனை அரிக்கும்னு கவர்ன்மென்ட் விக்கிறதைக் கட்டுப்படுத்துது. சாலை பஜார் கடைகள்ல எங்கயும் கிடைக்கல."

நீலாம்பாள் கணவரைப் பார்த்தாள்.

வீரபாண்டி ஓட்டையை அடைத்துவிட்டு, வண்டியிலிருந்து ஒரு சிலிண்டரை எடுத்து வந்தார். "பேட்டையில ஒரு டீச்சர் பழைய ஏ.சி.யை மாத்தினாங்க. கேஸை வெளிய விடாம பிடிச்சு வையுங்க, யாருக்காவது ஆகும்னு சொல்லி, அதைப் பிடிச்சு முடிக்கிற வரைக்கும் அரை நாள் காத்திருந்தாங்க. அதைத்தான் சுத்தம் பண்ணி இதுல வச்சிருக்கேன்."

அறை மெல்லக் குளிர்ந்தது. பிச்சையா கண்ணயர்ந்தார். நீலாம்பாள் ஏ.சி.யின் முன் கைகூப்பி நின்றாள். முகம் தெரியாத ஒருத்தியின் அரை நாள் பொறுமையிடம், வானத்தையும் ஒரு நோயாளியின் தூக்கத்தையும் கடவுள் ஒப்படைத்திருக்கிறாரே என்று வியந்தாள்.