மேல் தெருவுக்கு வந்த வண்டி

பனிப்புயல் ஓய்ந்த காலையில், தாக்ரூன் அலுவலகத்தில் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை, அம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது.

"மேல் தெருவுல பனி தள்ளியிருக்காங்கடி."

"கனவு கண்டியாம்மா? மேல் தெருன்னு ஒண்ணு இப்ப ஏது?"

"நான் அங்கதான் நிக்கிறேன்."

மலையடியில் இருந்த அந்தத் தெருவைப் பல வருடங்களுக்கு முன் பனிச்சரிவு வழித்துக்கொண்டு போயிற்று. தாக்ரூனின் தங்கை ஸ்வாலாவும், தலைகூட நிற்காத கைக்குழந்தையும் அதில் போனார்கள். மிச்சம் நின்ற சுவர்களையும் பிறகு இடித்தாயிற்று. குளிர்காலத்தில் அங்கே யாரும் கால் வைக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டளை. மலை இன்னும் அதே மலைதானே.

"அம்மா, உடனே கீழ இறங்கு!"

அம்மா போனை வைத்துவிட்டாள்.

நகராட்சியின் வரைபடங்கள் தாக்ரூனின் பொறுப்பு. பழைய மென்பொருளை விற்ற கம்பெனி வருடா வருடம் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போனது. போதுமடா சாமி என்று நகர மன்றம், யாரும் காசில்லாமல் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்கு மாற முடிவெடுத்தது. ஒரேயடியாக மாறினால் வேலை கெட்டுவிடும் என்று வரைபடத்தை ஒவ்வோர் அடுக்காக மாற்றினார்கள். முதலில் சாக்கடைக் குழாய்கள், பிறகு தெருவிளக்குகள், கல்லறைத் தோட்டம். சாலைகளையும் வீடுகளையும் மட்டும் தாக்ரூன் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டாள். போன வாரம் சாக்குகள் தீர்ந்துபோய், அவற்றையும் மாற்றினாள்.

இப்போது புதிய வரைபடத்தைத் திறந்தாள். மேல் தெரு இருந்தது. வீடுகள் வரிசையாக இருந்தன. கடைசி வீடு ஸ்வாலாவுடையது.

நடந்தது என்னவென்று அவளுக்கு உடனே புரிந்தது. பனிச்சரிவுக்குப் பிறகு, அந்த வீடுகளை வரைபடத்திலிருந்து அழித்துவிடச் சொல்லித்தான் உத்தரவு. அவளுக்குக் கை வரவில்லை. 'காட்டாதே' என்று மட்டும் பழைய மென்பொருளிடம் சொல்லிவைத்தாள். அதுவும் இத்தனை காலம் வாயைத் திறக்காமல் இருந்தது. இப்போது வீடுகள் புதியதற்குக் குடிவந்துவிட்டன, 'காட்டாதே' என்ற சொல் பழையதிலேயே தங்கிவிட்டது. புதியதன்மேல் என்ன குற்றம்? இருப்பதைக் காட்டியது.

பனி தள்ளும் வண்டி ஓட்டும் ராடெக்கை அழைத்தாள். போலந்திலிருந்து வந்தவன், ஊருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"மேல் தெருவுக்கு நீ ஏன் போனே?"

"வண்டியில இருக்கிற வரைபடத் திரையில இருந்துச்சு, போனேன். இன்னும் விடியல, பனியில கண்ணே தெரியல. கரண்டு வேற இல்ல, ஒரு வீட்லயும் வெளிச்சம் கிடையாது. திரையப் பார்த்தேதான் ஓட்டினேன். கடைசி வீட்டுக்கு வாசல் வரைக்கும் தள்ளிவிட்டேன்."

"வாசல் வரைக்குமா? ஏன்?"

"கைக்குழந்தை இருக்கிற வீடுன்னு குறி போட்டிருக்கே. அந்த வீட்டுக்கெல்லாம் ஆம்புலன்ஸ் வர்ற மாதிரி தள்ளணும்னு நீங்கதானே சொன்னீங்க? பாப்பா நல்லாயிருக்குதா?"

ஸ்வாலா பிரசவம் முடிந்து வீடு வந்த அன்று, அந்தக் குறியைப் போட்டது தாக்ரூன்தான்.

"நான் சொல்ற வரைக்கும் திரும்ப அங்க போகாதே," என்று மட்டும் சொன்னாள்.

மேல் தெருவுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். இருபுறமும் பனிச்சுவர் எழுப்பி நடுவே நேராகப் பாதை வெட்டியிருந்தது. அதிலிருந்து கிளைகள் பிரிந்து, இப்போது இல்லாத கார்க் கொட்டகைகளின் முன் போய் நின்றன. மேலே மலை புதுப்பனியைச் சுமந்துகொண்டு சத்தமில்லாமல் கிடந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. பாதை முடிந்த இடத்தில் அம்மா நின்றிருந்தாள். அதற்கு அப்பால் வெறும் வெள்ளை.

"சரியா வாசப்படி வரைக்கும் தள்ளியிருக்கான் பாரு."

"நான் போட்ட குறிம்மா. குழந்தை இருக்குன்னு."

"பனி சரிஞ்ச அன்னிக்கு முன்னாடியே போட்டிருந்தியா?"

"போட்டிருந்தேன்."

"அன்னிக்கு ஸ்வாலா எனக்குப் போன் பண்ணினா. மலை முனகுது, நான் நம்ம வீட்டுக்கு வந்துடறேம்மான்னா. வழியெல்லாம் மூடியிருக்கு, வண்டி வந்து தள்ளட்டும், அப்புறம் வான்னு நான்தான் சொன்னேன்." அம்மா கையுறையால் மூக்கைத் துடைத்தாள். "வண்டி இப்பதான் வந்திருக்கு."

தாக்ரூனுக்கு இது தெரியாது. அம்மா இதை யாரிடமும் சொன்னதே இல்லை. கோபப்படலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று அவள் திண்டாடியபோது மேலே எங்கோ பனி நொறுங்கும் சத்தம் கேட்டது.

"வாம்மா. தயவுசெஞ்சு வா."

அம்மா அசையவில்லை. பிறகு சொன்னாள்: "இந்தத் தெருவ வரைபடத்துலேருந்து அழிச்சிடு. வண்டி ஓட்டற அந்தப் பையன் இன்னொரு தடவ இங்க வரக் கூடாது. அவனுக்கும் ஒரு அம்மா இருப்பா."

ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி இறங்கினார்கள். மலை அவர்களை விட்டுவைத்தது.

அலுவலகத்தில் தாக்ரூன் சாலையை முதலில் அழித்தாள், பிறகு வீடுகளை ஒவ்வொன்றாக. கடைசி வீட்டில் விரல் அப்படியே நின்றது. அதையும் அழித்து, சேமித்தாள். அந்த இடத்தில் மலைச்சரிவின் கோடுகள் மட்டும் ஓடின.

சற்று நேரத்தில் ராடெக் கூப்பிட்டான்.

"திரையில மேல் தெருவக் காணோமே! திரும்பப் பனி கொட்டும்ங்கிறாங்க. அந்தக் குழந்தை வீட்டுக்கு யாரு தள்ளிவிடுவாங்க?"

அவனிடம் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"வேண்டாம் ராடெக்," என்றாள். "நீ வழி பண்ணிக் கொடுத்தேல்ல, அதுல தாயும் பாப்பாவும் இறங்கி வந்துட்டாங்க. அம்மா வீட்டுல இருக்காங்க."