தட்டினால் வருபவள்

என் மைத்துனன் தூயா நல்ல மீனவன். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். வலை வீசத் தெரியாதவன் படகில் பேட்டரியை ஏற்றி, ஆற்றில் கரண்ட் வைத்து மீனைக் கொன்று அள்ளினால், எக்கேடோ கெட்டுப் போ என்று விட்டுவிடலாம். இன்று அதையே செய்யும் இவன், என்னோடு சேர்ந்து ஐராவதி ஆற்றில் டால்பின்களை வைத்து மீன் பிடித்தவன். படகின் விளிம்பில் குச்சியால் தட்டினால் அவை வரும். மீன்கூட்டத்தை வளைத்து நம் பக்கம் ஓட்டிவந்து வாலைத் தூக்கிக் காட்டும். அங்கே வலையை வீச வேண்டும். வலைக்குத் தப்பி ஓடும் மீன் அவற்றுக்கு.

எங்கள் பக்கத்தில் மிஞ்சியவள் ஒருத்திதான். முதுகில் ஒரு வெட்டுத் தழும்பு, கூடவே ஒரு குட்டி. அவள் வாலைத் தூக்கினால் குட்டியும் தூக்கும், மீன் இருக்கிறதோ இல்லையோ. தப்பாகத் தூக்கினால் தலையால் ஓர் இடி இடிப்பாள்.

ஆறு வற்றிய மாதத்தில் ஒரு நாள் தூயா கரையில் வந்து பல்லைக் காட்டினான்.

"மச்சான், நேத்து ஆத்து வளைவுகிட்ட சும்மா தட்டிப் பாத்தேன். உன் ஆளு ஓடி வந்துட்டா! மீன ஒரே குமியலா கொண்டாந்து நிறுத்துறா. அடுத்த தடவ கரண்டு கம்பிய இறக்கிட வேண்டியதுதான்."

"அவளும் அதே தண்ணியிலதானடா இருப்பா, பாவி!"

"நானா அவள அடிக்கிறேன்? கரண்டுக்குக் கண்ணா இருக்கு?"

புகார் கொடுக்கலாம். கொடுத்தவன் வலையைக் கரண்ட் வைக்கும் கூட்டம் அன்றைக்கே எரித்துவிடும்.

வீட்டில் புலம்பினேன். என் மனைவி மா ஸீ அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "என் தம்பிகிட்ட கெஞ்சுறதுக்குப் பதிலா அந்த டால்பின்கிட்டயே சொல்லிப் பாருங்க. அதுக்காவது புத்தி இருக்கு."

அவள் கேலியாகத்தான் சொன்னாள். நான் அதையே பிடித்துக்கொண்டேன். தட்டும் சத்தம் கேட்டாலே டால்பினுக்குப் பயம் வர வேண்டும், அவ்வளவுதானே?

மறுநாள் தட்டினேன். வந்தாள். மூங்கில் கழியால் முதுகில் ஓங்கி அடித்தேன். விலகிப் போனவள், கொஞ்ச நேரத்தில் மீனை ஓட்டிக்கொண்டு வந்து வாலைத் தூக்கினாள். மீன் கொண்டுவராததால் எனக்குக் கோபம் என்று நினைத்தாளோ என்னவோ. நான் வலையைத் தொடவில்லை. அடுத்த நாள் இன்னும் அதிகமாக ஓட்டிவந்தாள். அன்றும் அடித்தேன். அழுகை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் அடி குட்டிமேல் விழுந்தது. இரண்டும் மூழ்கிப் போயின. அதற்குப்பின் இரண்டு நாள் தட்டித் தட்டிக் கை வலித்தது. அவள் வரவில்லை.

"கத்துக்கிட்டா!" என்று மா ஸீயிடம் சொல்லி, அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஆறாம் நாள் காலை. நான் நடு ஆற்றில் இருந்தேன். வளைவுப் பக்கமிருந்து தட்டும் சத்தம் கேட்டது. தட்டும் விதத்திலேயே தூயாவின் கை என்று தெரிந்தது. என் படகுக்குச் சற்றுத் தள்ளி அவள் எழுந்து மூச்சு விட்டாள். பக்கத்தில் குட்டி. அவள் முகம் வளைவைப் பார்த்து இருந்தது.

சத்தத்துக்கு அவள் பயப்படவே இல்லை. தட்டுவது யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவன் ஒரு நாளும் அவளை அடித்ததில்லை.

"போகாதடி! அங்க போகாத!" என்று கத்திக்கொண்டே கழியால் தண்ணீரை அடித்தேன். ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தாள். குட்டியைத் தனக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, இன்னும் வேகமாகப் போனாள். என்னிடமிருந்து குட்டியைக் காப்பாற்றிக்கொண்டு அவனிடம் போனாள்.