குடையில் மாட்டியிருந்த காகிதம்

மலை உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள், தனியாகவா வந்தீர்கள் என்று. கேபிள் கார் டிக்கெட்டைக் கிழிப்பவனும் கேட்டான்.

"ஆமா தம்பி, கூட்டிட்டு வர ஆள் கிடைக்கல."

"அப்போ ஒரு செல்ஃபி குச்சி வாங்கிக்கோங்கக்கா. அதுவும் ஆள் மாதிரிதான், வாய் மட்டும் பேசாது."

வாங்கவில்லை. எனக்கு முப்பத்தாறு வயது. தென்சீனாவில், குவாங்சோவில் காலணி ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. லீவு கிடைத்தால் பையைத் தூக்கிக்கொண்டு ஏதாவது ஒரு மலைக்குப் போய்விடுவேன். இந்த முறை குய்லின். லியூசோவில் இருக்கும் அம்மாவிடம் ஞாயிறும் ஓவர்டைம் என்று புளுகியிருந்தேன். ஒரு மணி நேர ரயில் தூரத்தில் நான் ஊர் சுற்றுவது தெரிந்தால், சாயங்காலத்துக்குள் இரண்டு மாப்பிள்ளைகளைப் பிடித்து நிறுத்திவிடுவாள்.

உச்சியில் பனி விலகியதும் ஆற்றின் இரு கரையிலும் குன்றுகள் வரிசையாகத் தெரிந்தன. ஒரு மணி நேரம் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் வருடம் முழுக்க உழைக்கிறேன் என்று தோன்றியது.

கீழே இறங்கி, அடிவாரப் பூங்காவில் ஒரு கிண்ணம் அரிசி நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு ஏரிப் பக்கம் நடந்தேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை வரன் சந்தை. விரித்த குடைகளைத் தரையில் வைத்து, அதில் பிள்ளையின் விவரத்தைக் கிளிப் போட்டு மாட்டி, பின்னால் மடக்கு நாற்காலியில் பெற்றோர் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் வருவதில்லை. பாதிப் பேருக்கு விஷயமே தெரியாது. எனக்கோ அந்தக் காகிதங்களைப் படிப்பது காசில்லாத வேடிக்கை. அவற்றை நம்பினால் நாட்டில் குட்டையானவனும் கிடையாது, கோபக்காரியும் கிடையாது.

மூன்றாவது வரிசையில் ஒரு ஊதாக் குடை. 'பெண். டிராகன் வருடத்தில் பிறந்தவள். குவாங்சோவில் ஏற்றுமதிக் கம்பெனி வேலை. அமைதியான குணம். வீட்டை விட்டு வெளியே போகும் பழக்கம் இல்லை.' சிரித்துக்கொண்டே போட்டோவைப் பார்த்தேன். நான்தான்.

கடைசி வரி இது: 'தாய், தந்தை இருவரும் காலமாகிவிட்டனர். எந்தச் சுமையும் இல்லை.'

அப்பா போனது உண்மை, நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே. ஆனால் அம்மா முந்தாநாள்தான் போனில் சாப்பிட்டாயா என்று கேட்டாள். நேற்று ஏதாவது ஆகி, எனக்கு யாரும் சொல்லவில்லையோ என்றுகூட எண்ணம் ஓடியது. அம்மாவின் நம்பரை அழுத்தினேன்.

இரண்டு குடை தள்ளி போன் அடித்தது.

அம்மா எனக்கு முதுகைக் காட்டி நின்று, தொப்பி போட்ட ஒரு பெண்மணியோடு பேசிக்கொண்டிருந்தாள். எடுத்துப் பார்க்காமலே அழைப்பைத் துண்டித்தாள்.

"நான் பொண்ணுக்குப் பெரியம்மா முறை," என்றாள் அவளிடம். "இவ அம்மா போய் மூணு வருஷமாச்சு. போனவளுக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி, ஆனா நல்லவ."

"பாவம்தான். ஆனா பாருங்க, என் பையனுக்கு நாங்க ரெண்டு பேர் இருக்கோம். பொண்ணைப் பெத்தவங்களும் படுத்துக்கிட்டா ஒத்தப் புள்ள யாரைன்னு தாங்குவான்? அதான் உங்க குடைகிட்ட வந்தேன்."

"அதுல உங்களுக்குக் கவலையே வேண்டாம்," என்றாள் அம்மா, உற்சாகமாக.

"அம்மா," என்றேன்.

திரும்பினாள். முகத்தில் ரத்தம் இல்லை. தொப்பிக்காரி என் மூக்கையும் அம்மாவின் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"செத்தவங்க நல்லா திடமாத்தான் இருக்காங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த குடைக்குப் போய்விட்டாள்.

"கெடுத்தியா?" அம்மா என் கையைப் பிடித்து உலுக்கினாள். "நாலு மாசமா வாராவாரம் ரயில் ஏறி வரேன். லியூசோவுல எல்லாருக்கும் என்னைத் தெரியும், அங்க சாக முடியாது. இன்னிக்குத்தான் ஒருத்தி படிஞ்சு வந்தா."

"உயிரோட இருக்கறவ எழுதற எழுத்தாம்மா இது?" என்றேன்.

"நீதானேடி சொன்ன. எந்த வரனைக் கொண்டுவந்தாலும், 'நீ தனியா இருக்க, உன்னை யார் பாத்துப்பா, நீ இருக்கற வரைக்கும் எனக்குக் கல்யாணம் வேண்டாம்'னு. எட்டு வருஷமா இதே பாட்டு. சரி, நான் குறுக்க நிக்க வேண்டாம்னு விலகிட்டேன்."

சொன்னேன்தான். அம்மாவால் பதில் சொல்ல முடியாத ஒரே சாக்கு அது என்பதால் சொன்னேன். அவள் அதை ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அது சும்மா சொன்னதும்மா. தனியா இருக்கறதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. அதை உன்கிட்ட நேராச் சொல்ல தைரியம் வரல."

அம்மா மடக்கு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். குடையிலிருந்து அந்தக் காகிதத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ நான் எதுக்குடி செத்தேன்?" என்று கேட்டாள்.