வராத வண்டி

ஹோஷிகாவா கம்பெனியின் கார்கள் ஓட்டுநர் இல்லாமல் தாமாகவே எங்கள் ஊர் இவாசுகாவுக்குத் திரும்பி வரத் தொடங்கியது, முள்ளங்கி விலை ஏறிக்கிடந்த ஒரு நவம்பரில். முதலில் வந்தது நீகாதாவிலிருந்து ஒரு வெள்ளைக் கார். அது மலைச்சாலை இறங்கி வந்து, தொழிற்சாலைப் பக்கமே திரும்பாமல், இறுதிப் பரிசோதகர் கான்சாகு தெரஷிமாவின் வீட்டு முன் நின்று விளக்குகளைத் தணித்துக்கொண்டது. பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்த அவர் மனைவி யாசுயோ, "என்னங்க, உங்க வண்டி ஒண்ணு வந்து நிக்குது. ஆளைக் காணோம்" என்றாள். தெரஷிமா பைஜாமாவோடு போய்க் குனிந்து பார்த்தார். பின்கதவில் மழைநீரைத் தடுக்கும் ரப்பர் பட்டை இல்லை. ஒன்றைக் கொண்டுவந்து மாட்டி, வண்டியின் முன் தலைதாழ்த்தி மன்னிப்புக் கேட்டார். அது கிளம்பிப் போய், உரிமையாளர் காலைச் சாப்பாட்டை முடிப்பதற்குள் தன் இடத்தில் நின்றுகொண்டது. அந்த வேகம்தான் எங்களுக்குப் புரியவில்லை. வேகத்துக்குப் பேர்போன கம்பெனி அல்ல எங்களுடையது.

அவர் வீட்டைத் தேடி ஏன் வந்தன என்பதில் மர்மம் ஏதும் இல்லை. ஒவ்வொரு வண்டியின் தாளிலும் அவருடைய சிவப்பு முத்திரைதான் இருந்தது. எங்கள் ஊரில் பரிசோதனை என்றால், ஒவ்வொரு பாகத்தையும் விரலால் சுட்டிக்காட்டி, "விளக்கு, சரி! கதவு, சரி!" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் கண்ணும் கையும் தூங்காது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். கண்ணும் கையும் தூங்கவில்லைதான். வாய் மட்டும் முந்திக்கொண்டது. விரல் ஒரு வண்டியில் இருக்கும்போதே வாய் அடுத்த வண்டிக்குச் சரி சொல்லிவிடும். தெரஷிமா இல்லாத நேரத்தில் வேலை நிற்கக் கூடாதே என்று அவர் முத்திரையைத் திறந்த மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்தோம். யார் வேண்டுமானாலும் எடுத்துக் குத்தலாம். தலைக்கு மேல் ஒரு கயிறு தொங்கியது. குறையைக் கண்டவர் அதை இழுத்தால் பாட்டு ஒலித்து மொத்த வரிசையும் நிற்கும். ஆனால் தன்னால் ஐந்நூறு பேருக்கு வேலை தாமதம் என்று பேர் வாங்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. பணிவில் எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

டிசம்பருக்குள் நாளுக்கு இருபது, முப்பது வண்டிகள் வர ஆரம்பித்தன. ஒன்றுக்குத் திருகாணி குறைவு, ஒன்றுக்குக் கண்ணாடி இறங்கவில்லை, ஒன்றின் இருக்கைக்கு அடியில் எங்கள் ஆள் ஒருவரின் மதிய உணவுப் பெட்டி. அவை வரிசை தவறாமல் நின்றதால் நகராட்சி சாலையோரத்தில் அவற்றுக்காக வெள்ளைக்கோடு போட்டுக் கொடுத்தது. யாசுயோவின் முள்ளங்கிப் பாத்தி போன இடம் தெரியவில்லை. அந்த வருடக் கருத்துக்கணிப்பில், ஜப்பானிலேயே பழுதில்லாத கார் எங்களுடையது என்று வந்தது. உரிமையாளர் கண்ணில் படுவதற்கு முன்பே பழுது சரியாகிவிட்டால் அவர் எதைக் குறை சொல்வார்? நாங்கள் மேடை போட்டு, 'குறையே இல்லை' என்று துணியில் எழுதிக் கட்டி, எங்களுக்கு நாங்களே கைதட்டிக்கொண்டோம்.

தெரஷிமாவுக்கு மட்டும் அந்தக் கைதட்டல் காதில் ஏறவில்லை. அவருடைய ஒரே மகள் சாயோகோ கனசாவாவில் இருந்தாள்; ஏழு மாதக் கர்ப்பிணி. போன வருடம் ஊழியர் சலுகையில் அவளுக்கு ஒரு நீலக் கார் வாங்கிக் கொடுத்திருந்தார். அதைத் தானே தடவித் தடவிப் பார்த்து அனுப்ப வேண்டும் என்று நினைத்திருந்தார். ஆனால் அது வரிசையில் வந்த அன்று அவர் மேடையில் நின்று, ஒரு குறையையும் தப்பவிடாதவர் என்ற விருதை வாங்கிக்கொண்டிருந்தார். அதற்கு முத்திரை குத்தியது யார் என்று எங்களுக்கே தெரியாது. தினமும் வாசலில் நீல நிறத்தைத் தேடினார். அது வரவே இல்லை. வராதது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் மனுஷர் சோற்றில் கை வைப்பதையே குறைத்துக்கொண்டார்.

ஜனவரியில் அவருடைய அதிகாரி உசுகி, முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். நாடு முழுவதிலுமிருந்து கம்பெனிக்கு வந்திருந்த ஒரே புகாரைப் பற்றிச் சொல்ல.

"தெரஷிமா-சான், தப்பா நினைக்காதீங்க. புகார் குடுத்திருக்கறது உங்க பொண்ணுதான். ஒரு மாசமா வண்டி ஸ்டார்ட்டே ஆகலையாம். பேட்டரி மாத்தியும் அசையலையாம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"அப்பா சரி பார்த்த வண்டின்னு தெருவெல்லாம் பெருமை பேசியிருக்கா. அப்புறம் எந்த மூஞ்சியோட உங்ககிட்ட சொல்லுவா? விடுங்க, நாளைக்கு நானே ஆளுங்களோட போறேன். வீடு மேட்டுல இருக்காம். அவளை உக்கார வச்சு ஒரு தள்ளு தள்ளினா தன்னால கிளம்பிடும். கையோட புகாரையும் வாபஸ் வாங்கிட்டு வந்துடறேன்."

தெரஷிமா, "கிளம்ப முடியாத வண்டி இல்லீங்க அது. கிளம்பக் கூடாதுன்னு நிக்குது" என்றார். மற்ற வண்டிகளின் குறையெல்லாம் இவ்வளவு தூரம் ஓடி வந்து சொல்லக்கூடிய குறைகள். ஓடினால் ஆளைக் கொல்லும் குறை என்றால் அந்த வண்டி வேறு என்ன செய்யும்? உசுகி அவர் தோளைத் தட்டி, இரண்டு நாள் விடுப்பு எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். புகாரைச் சரிசெய்வதும் பழுதைச் சரிசெய்வதும் ஒன்றுதான் என்று நாங்கள் எல்லோரும் மனதார நம்பிய காலம் அது.

மகள் வீட்டுத் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. தெரஷிமா மறுநாள் முதல் ரயிலைப் பிடித்தார். பனியால் அது வழியெல்லாம் நின்று நின்று போனது. அவர் போய்ச் சேர்ந்தபோது, அவள் வீட்டு வாசலில், ஆற்றை நோக்கி இறங்கும் சரிவில் நீலக் கார் நின்றது. உள்ளே சாயோகோ, வயிறு ஸ்டியரிங்கில் இடிக்க உட்கார்ந்திருந்தாள். பின்னால் நான்கு பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். உசுகியும் டையைத் தோளில் போட்டுக்கொண்டு தள்ளினார். கைப்பிரேக்கை எடுத்துவிட்டிருந்தும், வழுக்கும் சரிவில் இருந்தும், வண்டி ஒரு அங்குலம் நகரவில்லை. சக்கரங்கள் சாலையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்ததைத் தெருவே பார்த்தது.

தெரஷிமா பனியில் குப்புறப் படுத்து அடியில் பார்த்தார். எழுந்து, வழக்கப்படி விரலை நீட்டி, "பிரேக் குழாய்" என்று உரக்கச் சொன்னார். முப்பது வருடப் பழக்கம். வாயிலிருந்து முதலில் 'சரி' என்றுதான் வந்தது. அதை விழுங்கிவிட்டு, அழுகிற குரலில், "சரியில்லை" என்றார். "இறங்கும்மா. மெதுவா இறங்கு."

"ஏம்ப்பா, இவங்க ஒரு தள்ளுல கிளம்பிடும்னு..."

"இறங்குடி!"

சாயோகோ ஒரு காலை ஊன்றினாள். இரண்டாவது காலும் தரையைத் தொட்ட பிறகுதான் வண்டி தன் பிடியை விட்டது. சரிவில் கடகடவென்று இறங்கி, ஆற்றங்கரையில் குவித்திருந்த பனியில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. அது நின்றிருந்த இடத்தில் பிரேக் எண்ணெய் கொஞ்சம் சிந்தியிருந்தது. உசுகி அதை வெகுநேரம் பார்த்தார். கொண்டுவந்த இனிப்புப் பெட்டியை யாரிடம் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "ஒரு மாசமா இதைத் திட்டிட்டே இருந்தேன்ப்பா" என்று சொல்லிச் சாயோகோ அங்கேயே அழுதாள்.

அதன்பிறகு மானம் கப்பலேறியது. விசாரித்தால், அதே குழாய் போட்ட முந்நூற்றுச் சொச்சம் வண்டிகள் நாடெங்கும் வாசல்களில் அசையாமல் நின்றன. குளிரில் பேட்டரிதான் செத்துவிட்டது என்று நினைத்து உரிமையாளர்கள் புகார் சொல்லவில்லை; அந்தக் குளிர்காலத்தில் பேட்டரி விற்பனை ஏகத்துக்கு உயர்ந்ததற்காக நாங்கள் விற்பனைப் பிரிவுக்கு ஒரு தனிக் கேடயம் வேறு கொடுத்திருந்தோம். கம்பெனி பத்திரிகைக்காரர்கள் முன் மன்னிப்புக் கேட்டுக் குனிந்தது; எவ்வளவு குனிவது என்று ஒரு வாரம் ஒத்திகை பார்த்தோம். அடுத்த கருத்துக்கணிப்பின் தரவரிசையில் கடைசிக்கு முந்தைய இடம் கிடைத்தது. இப்போதெல்லாம் கயிற்றை இழுக்காத நாளே இல்லை. அந்தப் பாட்டு ஊர்க் குழந்தைகளுக்கு மனப்பாடம். தெரஷிமா, நீலக் காரில் தொடங்கி, ஒவ்வொரு வண்டியாகத் தேடிப் போய்க் குழாய் மாற்றி மன்னிப்புக் கேட்டார். வேறு யார் கேட்டாலும் அவை கிளம்பவில்லை. கம்பெனித் தலைவரே ஒருமுறை குனிந்து மன்னிப்புக் கேட்டுப் பார்த்தார். வண்டி அவரைக் கண்டுகொள்ளவே இல்லை.

பிப்ரவரி கடைசியில் சாயோகோவுக்கு வலி எடுத்தபோது அவள் கணவன் மீன்சந்தையில் இருந்தான். டாக்ஸி கூப்பிடலாம் என்றார், பிரசவத்துக்காக வந்து தங்கியிருந்த தெரஷிமா. "இதைவிட நம்பிக்கையான ஆள் எனக்கு யாருப்பா இருக்கா?" என்று அவள் கேட்டாள். நீலக் கார் அதற்குள் கதவைத் திறந்துகொண்டு வாசலில் நின்றது. இருவரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். முன்னால் யாரும் இல்லை. மருத்துவமனை வரை எல்லாச் சிவப்பு விளக்கிலும் அது ஒழுங்காக நின்றது. ஒவ்வொரு முறையும் பின்சீட்டில் இருந்த தெரஷிமா தன் வலது காலை அழுத்திக்கொண்டார்.